ருன் தீவும் நியூயார்க்கும்: ஒரு பொது அறிவுத் துணுக்கின் மெய்யும் மிகையும்

"ருன் என்னும் சிறு தீவைக் கொடுத்து, அதற்கு ஈடாக நியூயார்க்கின் மன்ஹாட்டனை ஆங்கிலேயர் டச்சுக்காரரிடமிருந்து பெற்றனர், அந்தத் தீவில் சாதிக்காய் விளைந்ததே காரணம்" என்ற செய்தி பொது அறிவு நூல்களிலும் வினாடி வினாக்களிலும் அடிக்கடி வருகிறது. இது உண்மைதானா, உண்மையென்றால் ஒரு மசாலாப் பொருளுக்கு அத்தனை மதிப்பு எப்படி வந்தது என்பது கேள்வி.

பாதி உண்மை. 1667 ஜூலை 31 அன்று நெதர்லாந்தின் பிரெடா நகரில் கையெழுத்தான உடன்படிக்கையில், இந்தத் தீவுக்கு அந்தத் தீவு என்ற பேரம் எதுவும் எழுதப்படவில்லை. இரண்டாம் ஆங்கில-டச்சுப் போரில் களைத்துப்போயிருந்த இரு தரப்பும், அந்த ஆண்டு மே மாதத்தில் எந்த இடம் யார் கையில் இருந்ததோ அது அவருக்கே என்று ஒப்புக்கொண்டன. அப்போது ருன் டச்சுக்காரர் வசம் இருந்தது. மன்ஹாட்டனில் அவர்கள் எழுப்பியிருந்த நியூ ஆம்ஸ்டர்டாமோ, 1664 செப்டம்பரில் நான்கு ஆங்கிலப் போர்க்கப்பல்கள் வந்து நின்றதும் ஆளுநர் பீட்டர் ஸ்டைவசன்ட் போரிடாமலேயே சரணடைந்துவிட்டதால், மூன்று ஆண்டுகளுக்கு முன்பே நியூயார்க் என்று பெயர் மாறியிருந்தது. எனவே உடன்படிக்கை நாளில் எதுவும் கைமாறவில்லை. பறித்ததைப் பறித்தவரே வைத்துக்கொள்ளலாம் என்று இரு தரப்பும் இசைந்தன, அவ்வளவுதான். அதே விதியின்படி தென் அமெரிக்காவின் சுரினாமும் டச்சுக்காரருக்குக் கிடைத்தது. கரும்புத் தோட்டங்கள் நிறைந்த சுரினாமைத்தான் அன்றைய டச்சுக்காரர் பெரிய லாபமாகக் கருதியிருப்பார்கள். துணுக்கு எழுதுவோர் சுரினாமை விட்டுவிடுவது கதை கச்சிதமாக இருக்க வேண்டும் என்பதற்காகவே என்று நினைக்கிறேன். மேலும், 1673-ல் டச்சுக் கப்பற்படை நியூயார்க்கை மீண்டும் பிடித்து நியூ ஆரஞ்சு என்று பெயரிட்டது. அந்நகரம் நிலையாக ஆங்கிலேயருக்குப் போனது 1674-ஆம் ஆண்டின் வெஸ்ட்மின்ஸ்டர் உடன்படிக்கையால்தான்.

துணுக்கு சொல்லாமல் விடும் செய்தி இதைவிட வியப்பானது. டச்சுக்காரர் விட்டுக்கொடுக்க மறுத்த ருன் தீவில் அப்போது பயன் தரும் சாதிக்காய்த் தோட்டமே கிடையாது; மரங்களை அவர்களே வெட்டி அழித்திருந்தனர்.

இது புரிய வேண்டுமானால் அந்த இடத்தின் அமைப்பைப் பார்க்க வேண்டும். இன்றைய இந்தோனேசியாவின் மலுக்கு மாநிலத்தில், சேரம் என்ற பெரிய தீவுக்குத் தெற்கே, நிலநடுக்கோட்டுக்குக் கீழே நாலரைப் பாகையில் பண்டா தீவுகள் உள்ளன. லொந்தோர், நெய்ரா, எரிமலையான குனுங் அப்பி, ஆய், ருன் முதலியவை அடங்கிய மிகச் சிறிய கூட்டம் அது. ருன் தீவின் நீளம் ஏறத்தாழ 3 கி.மீ., அகலம் 1 கி.மீ.க்கும் குறைவு, ஒரு மணி நேரத்தில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்துவிடலாம். உலகம் முழுவதும் பயன்படுத்திய மணமுள்ள சாதிக்காய் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை வணிக அளவில் இந்தச் சிறு தீவுகளிலிருந்து மட்டுமே கிடைத்தது. ஆய் தீவில் நடந்த அகழாய்வில், ஏறத்தாழ 3,500 ஆண்டுகளுக்கு முந்திய பானை ஓடுகளில் சாதிக்காயின் எச்சம் ஒட்டியிருப்பது கண்டறியப்பட்டுள்ளது. வணிகர் தேடி வருவதற்கு நெடுங்காலம் முன்பே தீவுவாசிகள் அதை உண்டிருக்கிறார்கள்.

விளைநிலம் இவ்வளவு சிறியதாக இருந்ததால்தான் அதை ஒருவரே முழுதாக வளைத்துப்போட முடியும் என்ற ஆசை பிறந்தது. மிளகு மலபார் முழுவதிலும் சுமத்திராவிலும் விளைந்தது, அதைப் பூட்டி வைக்க எவராலும் இயலாது. சாதிக்காயைப் பூட்டலாம். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அதைத்தான் செய்ய முயன்றது. குறுக்கே நின்றது ருன். அத்தீவினர் டச்சுக்காரரை அஞ்சித் தங்கள் நிலத்தை ஆங்கிலேய மன்னர் முதலாம் ஜேம்சுக்கு ஒப்படைத்தனர். 1616 டிசம்பரில் அங்கு வந்திறங்கிய நத்தானியேல் கோர்ட்ஹோப் என்ற ஆங்கிலேயர், ஏறத்தாழ 40 பேரையும் தீவு மக்களையும் துணையாகக் கொண்டு, குடிநீருக்கே தட்டுப்பாடான அந்த இடத்தில் டச்சு முற்றுகையை நான்கு ஆண்டுகள் தாக்குப்பிடித்தார். 1620 அக்டோபரில் படகில் திரும்பும் வழியில் அவர் தாக்கிக் கொல்லப்பட்டார். ஆங்கிலேயர் மீண்டும் வந்தாலும் அவர்களுக்கு எதுவும் கிடைக்கக் கூடாது என்று, பின்னர் தீவின் சாதிக்காய் மரங்களை டச்சுக்காரர் வெட்டிச் சாய்த்தனர். 1654-ல் தீவைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டும் ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தனர். 1667-ல் அவர்கள் காத்துக்கொண்டது ஒரு தோட்டத்தை அன்று. போட்டியாளர் வந்து கால் ஊன்றக்கூடிய ஒரு திட்டை மட்டுமே.

இனி அந்த மரத்தைப் பற்றி. சாதிக்காய் மரம் என்றும் பசுமை மாறாதது. உயரமான நிழல் மரங்களின் கீழே, கடற்காற்றின் ஈரத்தில், எரிமலை மண்ணில் நன்கு வளரும். பழம் இளமஞ்சள் நிறத்தில் எலுமிச்சையைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். முதிர்ந்ததும் மரத்திலேயே இரண்டாகப் பிளந்துகொள்ளும். பிளவுக்குள் பார்த்தால், பளபளக்கும் கரும்பழுப்புக் கொட்டையின் மேல் இரத்தச் சிவப்பில் ஒரு வலை இறுக்கமாகப் பின்னியிருக்கும். அந்த வலையை உரித்துக் காயவைத்தால் சாதிபத்திரி. கொட்டையை ஆறேழு வாரம் உலர்த்தி, குலுக்கினால் உள்ளே பருப்பு சுருங்கிக் கடகடவென்று ஒலிக்கும் பதத்தில் ஓட்டை உடைத்தெடுத்தால் சாதிக்காய். இரு வேறு விலையும் இரு வேறு மணமும் உள்ள இரண்டு சரக்குகள் ஒரே பழத்துக்குள் இருப்பது மசாலா உலகில் அரிது.

அந்தச் சிவப்பு வலை மனிதருக்காக அமைந்ததன்று. பெரிய காட்டுப் புறாக்கள் அந்த நிறத்தைக் கண்டு வந்து, பத்திரியோடு கொட்டையையும் முழுதாக விழுங்குகின்றன. பத்திரி செரித்துவிடுகிறது, கொட்டை முளைக்கும் திறன் குன்றாமல் வேறிடத்தில் வெளியேறுகிறது. 1857-க்கும் 1861-க்கும் இடையில் பண்டாவுக்குச் சில முறை வந்துசென்ற இயற்கையியலாளர் ஆல்ஃபிரெட் ரஸ்ஸல் வாலஸ் இதைக் கவனித்து எழுதியுள்ளார். டச்சுக் கம்பெனி ஏற்றுமதிக் கொட்டைகளைச் சுண்ணாம்பு நீரில் நனைத்து, எவரும் அதை விதையாக்க முடியாதபடி செய்தது. விற்பனையையும் கப்பலையும் கட்டுப்படுத்தியது. புறாவை மட்டும் அதனால் கட்டுப்படுத்த முடியவில்லை.

நம் நாட்டுக்கும் இந்த மரக் குடும்பம் அந்நியமன்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் காட்டுச் சாதிக்காய் இனங்கள் இயல்பாகவே உள்ளன. செங்கோட்டைக் கணவாய்க்கு அப்பால் குளத்துப்புழைப் பக்கம், சேற்று நீரிலிருந்து முழங்கால் மடக்கியது போல வேர்கள் வெளியே எழுந்து நிற்கும் சதுப்புக் காடுகள் இந்தக் குடும்பத்து மரங்களால் ஆனவை. ஆனால் காட்டுச் சாதிக்காயின் பருப்பில் மணம் இல்லை. அதன் பத்திரியை ராமபத்திரி என்று விற்கிறார்கள். நல்ல சாதிபத்திரியோடு கலப்படம் செய்யவும் அது உதவுகிறது. கடையில் வாங்குவோர் முகர்ந்து பார்த்தே வாங்க வேண்டும்.

இந்த வேறுபாடு தெரிந்தால் பழந்தமிழ் நூல்களில் ஒரு செய்தி துலங்கும். சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையில் புகாரின் கடைத்தெருவில் இருப்போரைச் சொல்லிவரும்போது 'பாசவர், வாசவர்' என்று அடுக்குகிறார் இளங்கோவடிகள். வாசவர் என்போர் நறுமணப் பொருள் விற்போர். அந்த நறுமணப் பொருள்களைத் தக்கோலம், தீம்பூ, இலவங்கம், கற்பூரம், சாதி என ஐந்தாகப் பழைய உரை மரபு எண்ணும். வெற்றிலையோடு சேர்த்து மெல்லும் ஐவகை வாசமும் இவையே. மணத்துக்காக வாங்கிய சாதிக்காய் காட்டுச் சாதிக்காயாக இருந்திருக்க முடியாது. பண்டாவிலிருந்து கைமாறிக் கைமாறி வந்ததாகவே இருக்க வேண்டும். கற்பூரம் சுமத்திரா, போர்னியோ காடுகளைச் சேர்ந்தது. கிராம்போ பண்டாவுக்கு வடக்கே உள்ள தெர்னாத்தே, திதோரே முதலிய தீவுகளுக்கே அன்று உரியது. கையில் பிடித்துப் பார்க்கத்தக்க சான்றும் உண்டு: மன்னாருக்கு எதிரே, திருக்கேதீச்சரத்தை ஒட்டிய மாந்தைத் துறைமுகத்து அகழாய்வில், கி.பி. 900-1100 காலத்து மண்ணடுக்கில் கிராம்பு ஒன்று கிடைத்துள்ளது. சோழர் காலத்தில் வெற்றிலை மடித்தவர் ஒருவரின் வாயில் ஆயிரக்கணக்கான கி.மீ. கடல் வழி அடங்கியிருந்தது என்று சொன்னால் அது மிகையன்று.

தைமூரைச் சந்தனத்துக்காகவும் பண்டாவைச் சாதிபத்திரிக்காகவும் மலுக்குவைக் கிராம்புக்காகவும் கடவுள் படைத்தார் என்று மலாய் வணிகர்கள் சொல்வதாக, 1512-க்குப் பின் மலாக்காவில் இருந்த போர்ச்சுக்கீசியர் தோமே பிரேஸ் குறித்து வைத்தார். ஐரோப்பிய இலக்கியத்திலும் இந்தத் தீவுகளின் தடம் உண்டு. ஷேக்ஸ்பியரின் 'தி வின்டர்ஸ் டேல்' நாடகத்தில், ஆட்டு ரோமம் கத்தரிக்கும் விழாவுக்குச் சாமான் வாங்கப் போகும் இடையர் மகன் ஒருவன், பட்டியலைச் சொல்லிப் பார்க்கும்போது சாதிபத்திரியையும் ஏழு சாதிக்காயையும் குறிப்பிடுகிறான். அந்நாடகம் அரங்கேறிய 1611-ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் பண்டாவில் டச்சு, ஆங்கிலக் கம்பெனிகளின் மோதல் முற்றிக்கொண்டிருந்தது. மில்டனின் 'பாரடைஸ் லாஸ்ட்' இரண்டாம் காண்டத்திலோ, சாத்தான் பறந்து செல்லும் தோற்றத்துக்கு, தெர்னாத்தே, திதோரே தீவுகளிலிருந்து மசாலா ஏற்றி வரும் கப்பற்கூட்டம் உவமையாகிறது. அந்தக் காவியம் முதலில் அச்சான ஆண்டு 1667, பிரெடா உடன்படிக்கையின் அதே ஆண்டு. வினாடி வினா நடத்துவோர் கேட்க வேண்டிய கேள்வி இதுதான் என்பேன்.

இங்கே ஒரு தவறான கருத்தையும் நீக்கிவிடலாம். கெட்டுப்போன இறைச்சியின் நாற்றத்தை மறைக்கவே ஐரோப்பியர் மசாலாவை நாடினர் என்று பாடப்புத்தகங்கள்கூடச் சொல்வதுண்டு. சாதிக்காய் வாங்க வசதியுள்ளவருக்குப் புதிய இறைச்சி வாங்குவது பெரிய செலவே அன்று. தொலைவிலிருந்து வந்தது, அரிது, செல்வத்தைக் காட்டுவது, மருந்து என்று மருத்துவர் புகழ்ந்தது ஆகியவையே அதன் விலையை ஏற்றின.

சாதிக்காய்க்கு விலையாகப் பண்டா மக்கள் பெரிதும் விரும்பியது வெள்ளியையோ பொன்னையோ அன்று. அரிசியையும் சாகோவையும் இந்தியத் துணியையும்தான். குசராத்திலும் சோழமண்டலக் கடற்கரையிலும் நெய்து சாயமிட்ட துணிகளே மசாலாத் தீவுகளில் நாணயம் போல் ஓடின. டச்சுக் கம்பெனி 1610-ல் பழவேற்காட்டில் இடம் பெற்று, 1613-ல் ஜெல்ட்ரியா கோட்டையை முடித்ததன் முதற்காரணம் அதுவே. சோழமண்டலக் கடற்கரை மலுக்குத் தீவுகளின் இடக்கை போன்றது, அதன் துணி இல்லையேல் அங்கே வணிகம் செத்துவிடும் என்று 1612-ல் ஹென்ட்ரிக் பிரவுவர் என்ற டச்சு அதிகாரி எழுதினார். பழவேற்காடு ஏன் டச்சுக்காரருக்கு முக்கியமாயிற்று என்பதற்கு அங்குள்ள ஏரியையும் கல்லறைகளையும் மட்டும் பார்த்தால் விடை கிடைக்காது. கிழக்கே பண்டாவைப் பார்க்க வேண்டும்.

1621-ல் நடந்ததைத் துணுக்குகள் பெரும்பாலும் தொடுவதில்லை. கம்பெனியின் தலைமை ஆளுநர் யான் பீட்டர்சூன் கூன், ஏறத்தாழ 1,600 டச்சு வீரர்களோடும் கூலிக்கு அமர்த்திய ஜப்பானிய வாள்வீரர்களோடும் லொந்தோர் தீவைத் தாக்கினார். ஊர்ப் பெரியவர்களாகிய 'ஓராங் காயா'க்கள் 44 பேரைப் பிணையாகப் பிடித்து, மே 8 அன்று நெய்ராவில் மூங்கில் அடைப்புக்குள் நிறுத்தி, ஜப்பானியரின் வாளால் வெட்டிக் கொல்லச் செய்தார். பண்டாவின் மக்கள் தொகை அதற்கு முன் சுமார் 15,000 என மதிப்பிடப்படுகிறது. போர், பட்டினி, நாடு கடத்தல், தப்பியோடல் எல்லாம் முடிந்தபோது ஆயிரம் பேர் அளவே எஞ்சினர். நிலம் 68 தோட்டங்களாகக் கூறுபோடப்பட்டு டச்சுக் குத்தகையாளருக்குத் தரப்பட்டது. வேலைக்கு ஆள் இல்லாததால் பல கரைகளிலிருந்து அடிமைகள் கொண்டுவரப்பட்டனர். சோழமண்டலக் கடற்கரையில் பஞ்சம் வந்த ஆண்டுகளில் விலைக்கு வாங்கப்பட்ட மனிதர்களும் கம்பெனிக் கப்பல்களில் படேவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) கிழக்குத் தீவுகளுக்கும் போனார்கள். துணி போன வழியே ஆட்களும் போயினர் என்பது நம் வரலாற்று நூல்களில் இன்னும் விரிவாக எழுதப்பட வேண்டிய பகுதி.

தப்பியவர்களில் ஒரு சாரார் படகேறிக் கிழக்கே கெய் தீவுகளை அடைந்தனர். அதன் விளைவு மொழியியலாளரை இன்றும் ஈர்க்கிறது: பழைய பண்டா மொழி பண்டா தீவுகளில் வழக்கொழிந்துவிட்டது. அது இன்று பேசப்படுவது, அந்த அகதிகளின் வழிவந்தோர் வாழும் கெய் தீவின் பண்டா எலி, பண்டா எலாத் ஊர்களில்தான்.

ஏகபோகம் உடைந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1770-ல் பிரெஞ்சு அதிகாரி பியேர் புவாவ்ரின் ஏற்பாட்டில், கிழக்குத் தீவுகளிலிருந்து கள்ளத்தனமாகச் சேர்த்த சாதிக்காய், கிராம்பு நாற்றுகள் மொரீஷியசுக்கு வந்து சேர்ந்தன. 1796-ல் ஆங்கிலேயர் பண்டாவைப் பிடித்து, திருப்பித் தருவதற்குள் ஆயிரக்கணக்கான நாற்றுகளைப் பினாங்குக்கு அனுப்பினர். 1810-ல் நடந்த இரண்டாம் கைப்பற்றலில் சென்னைக்கு நேரடிப் பங்குண்டு. கேப்டன் கிறிஸ்டோபர் கோல் மூன்று கப்பல்களோடும் மதராஸ் ஐரோப்பியப் படைப்பிரிவின் வீரர்களோடும் சென்னையிலிருந்து புறப்பட்டு, ஆகஸ்டு 9 விடியலுக்கு முன் கொந்தளிப்பான கடலில் படகுகளை இறக்கி, இருநூறுக்கும் குறைவானோரைக் கொண்டு நெய்ராவின் பெல்ஜிகா கோட்டையைப் பிடித்தார். எதிரே இருந்த காவற்படை அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். 1843-ல் கரீபியன் தீவான கிரனடாவில் சாதிக்காய் நடப்பட்டது. அங்கே அது எவ்வளவு வேரூன்றியது என்றால், 1974-ல் விடுதலை பெற்றபோது நாட்டுக் கொடியிலேயே சாதிக்காய் இடம்பெற்றது. 2004-ல் இவான் சூறாவளி அந்த மரங்களில் பெரும்பகுதியை வேரோடு சாய்த்தது.

பண்டா அதன்பின் உலக வரைபடத்தில் ஓரமாகிவிட்டது. ஓரமாக இருந்ததாலேயே 1936-ல் டச்சு அரசு முகமது ஹத்தாவையும் சுத்தான் ஷாரிரையும் அங்கே நாடு கடத்தியது. ஆறு ஆண்டுகள் நெய்ராவில் அவர்கள் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தனர். பின்னாளில் ஒருவர் இந்தோனேசியாவின் முதல் துணைக் குடியரசுத் தலைவர், மற்றவர் முதல் பிரதமர். இயற்கையிலும் அந்த இடம் ஓய்ந்துவிடவில்லை. 1988-ல் குனுங் அப்பி வெடித்து, அதன் எரிகுழம்பு கடலில் இறங்கிப் பவளப் பாறைகளைப் புதைத்தது. ஐந்தே ஆண்டுகளில் அந்தக் கரும்பாறை மேல் புதுப் பவளங்கள் செழித்து, மேசை வடிவப் பவளங்கள் சில 90 செ.மீ. அகலம் எட்டியிருந்ததை ஆய்வாளர்கள் அளந்தனர். தீவுகளுக்குக் கிழக்கே பண்டாக் கடலில் உள்ள வெபர் ஆழமோ 7 கி.மீ.க்கும் மேல். இமயத்தின் பெரும்பாலான சிகரங்களை அதில் இறக்கினால் உச்சிகூட வெளியே தெரியாது.

தமிழ்நாட்டில் சாதிக்காய் மரத்தை நேரில் பார்க்க விரும்புவோருக்குச் சில இடங்களைச் சொல்லலாம். ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி 1800-ஐ ஒட்டிக் குற்றாலத்தில் மசாலாத் தோட்டம் அமைத்து, தீவுகளிலிருந்து வந்த கிராம்பு, சாதிக்காய் நாற்றுகளை நட்டது. இன்றும் அந்த மலையடிவாரத்திலும் கன்னியாகுமரி மாவட்ட மலைத் தோட்டங்களிலும் இவை விளைகின்றன. மேட்டுப்பாளையம்-குன்னூர் சாலையில் பர்லியாறு அரசுத் தோட்டக்கலைப் பண்ணையில் மங்குஸ்தான், கிராம்பு மரங்களுக்கிடையே சாதிக்காயும் உண்டு. ஆனால் எந்த மரத்திலும் காய் இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. இதில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. விதையிட்டு ஆறு முதல் எட்டு ஆண்டுகள் கழித்துப் பூக்கும்போதுதான் அது எது என்று தெரியும், ஏறத்தாழப் பாதி ஆணாகப் போய்விடும். அதனால்தான் இப்போது விவசாயிகள் நல்ல பெண் மரத்தின் குருத்தை நாற்றில் ஒட்டுக் கட்டி நடுகிறார்கள். நேராக மேல்நோக்கி வளரும் தண்டிலிருந்து எடுத்தால் ஒட்டு மரமாக உயரும், பக்கக் கிளையிலிருந்து எடுத்தால் புதராகப் படரும். பத்துப் பெண் மரத்துக்கு ஓர் ஆண் மரம் விட்டால் மகரந்தத்துக்குப் போதும்.